தடுமாற ஒரு மேடை

ஐந்து நிமிடங்கள். கையில் ஓர் ஒலிவாங்கி, முகத்தில் விழும் வெளிச்சம், எதிரே ஏறக்குறைய இருபது பேர். அவர்களில் பாதிப் பேர், தங்கள் பெயர் எப்போது அழைக்கப்படும் என்று காத்திருக்கும் மற்ற நகைச்சுவையாளர்கள். ‘ஓப்பன் மைக்’ எனப்படும் திறந்த மேடை பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. பெயர் கொடுத்த எவரும் மேடை ஏறலாம். ஊதியம் கிடையாது. நேரம் முடியப்போகும்போது அறையின் பின்புறம் ஒரு சிறு விளக்கு மின்னும். பேச்சை முடித்துக்கொள் என்று அதற்குப் பொருள்.

நான் முன்பு தமிழ் கற்பித்த மாணவர் ஒருவர் இத்தகைய மேடைகளில் பேசி வருகிறார். பகலில் அலுவலக வேலை, வாரத்தில் இரண்டு இரவுகள் நகைச்சுவை. அவர் அழைத்ததால் ஒருநாள் இரவு நானும் போயிருந்தேன். அவர் தம் தந்தையைப் பற்றி ஆங்கிலத்தில் பேசினார். தந்தை ‘லிஃப்ட்டு’ என்று சொல்வதை அப்படியே சொல்லிக் காட்டினார். அறை சிரித்தது. அடுத்து அவர் சொன்ன இரண்டு துணுக்குகளுக்கு யாரும் சிரிக்கவில்லை. எங்கோ ஒருவர் இருமினார். விளக்கு மின்னியது. அவர் நன்றி சொல்லி இறங்கினார்.

எனக்குத்தான் மனம் கனத்தது. அவரோ குறிப்பேட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். “அந்த ரெண்டாவது ஜோக்குல கடைசி வார்த்தை தப்பான இடத்துல இருக்கு டீச்சர். வியாழக்கிழமை மாத்திப் பார்க்கிறேன்” என்றார். இதுதான் இந்தக் கலையைக் கற்கும் முறை. நகைச்சுவையை வீட்டில் கண்ணாடி முன் நின்று பழகிவிட முடியாது. அந்நியர்கள் முன் சொல்ல வேண்டும், தோற்க வேண்டும், ஒரு சொல்லை மாற்றி மீண்டும் சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மேடையில் இருக்கும் குமார், ரிஷி புத்ராணி, ஷாருல் சன்னா போன்ற நம் நாட்டு நகைச்சுவையாளர்கள் எல்லாருமே சிரிக்காத அறைகளைப் பார்த்தவர்களாகத்தான் இருப்பார்கள். உமர் ராணா 2010இல் தொடங்கிய ‘காமெடி மசாலா’ போன்ற நிகழ்ச்சிகளால், ஆங்கிலத்தில் இப்படிப் பழகிப் பார்க்க இங்கு இடம் உண்டு.

நிகழ்ச்சி முடிந்ததும் லிட்டில் இந்தியாவுக்கு வந்து, சிராங்கூன் சாலைப் பக்கம் ஓர் உணவகத்தில் தேநீர் குடித்தோம். அங்கே அதே லிஃப்ட் கதையை அவர் தமிழில் சொன்னார்.

அவர்கள் வசிப்பது பழைய வீவக அடுக்குமாடி, ஏழாம் மாடி. முன்பெல்லாம் லிஃப்ட் சில மாடிகளில் மட்டுமே நிற்கும். அதனால் தந்தை எட்டாம் மாடியில் இறங்கி, ஒரு மாடி படியிறங்கி வீட்டுக்கு வருவார். பிறகு லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் வந்தது. லிஃப்ட் இப்போது எல்லா மாடிகளிலும் நிற்கிறது. ஆனால், தந்தை இன்னமும் எட்டாம் மாடிக்குப் போய்த்தான் இறங்கி வருகிறார். ஏன் என்று கேட்டால், “லிஃப்ட்டு மாறிடுச்சுன்னு நான் மாற முடியுமா? எட்டாம் மாடிக்காரரு என்ன நெனைப்பாரு?” என்கிறார். அந்த எட்டாம் மாடிக்காரருடன் அவருக்கு இருபது ஆண்டுகளாக நாளிதழ்ச் சண்டை. இரவல் வாங்கிப் போகும் தமிழ் முரசை அவர் திருப்பித் தருவதே இல்லையாம். “அவரு சரியான கஞ்சப்பய!” என்பாராம் தந்தை.

நான் தேநீரைச் சிந்தும் அளவுக்குச் சிரித்தேன். ‘அவரு’ என்று மரியாதையாகத் தொடங்கி, ‘கஞ்சப்பய’ என்று முடிக்கிறார்! திட்டும்போதும் ‘ரு’ விகுதி போகவில்லை. இருபது ஆண்டு நட்பும் இருபது ஆண்டுச் சண்டையும் அந்த ஒரே தொடரில் இருக்கின்றன. இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? அங்கே ‘அவன்’, ‘அவர்’ என்ற வேறுபாடே இல்லையே. மேடையில் இருபது பேர் சிரித்தது தந்தையின் உச்சரிப்பைக் கேட்டு. தேநீர் மேசையில் நான் சிரித்தது அந்த மனிதரை நினைத்து. இரண்டும் ஒரே சிரிப்பு அல்ல. முதலாவதில் தந்தை எங்களுக்குக் கீழே நின்றார். இரண்டாவதில் அவரும் எங்களோடு மேசையில் உட்கார்ந்திருந்தார்.

“இதைத் தமிழிலேயே மேடையில் சொல்லலாமே?” என்று கேட்டேன்.

“யாரு டீச்சர் வருவாங்க?” என்றார். அதில் உண்மை இருக்கிறது. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகின்றனர். தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். ஆனால், அவர் சொன்ன இரண்டாவது காரணம்தான் என்னைக் குத்தியது: “தமிழ் மேடைன்னா தப்பே பண்ணக்கூடாது. நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?”

உங்களில் பலர் பேச்சுப்போட்டிகளில் கலந்துகொண்டிருப்பீர்கள். உரையை ஆசிரியரோ பெற்றோரோ திருத்தித் தருகிறார்கள். அதை மனப்பாடம் செய்கிறீர்கள். எந்த இடத்தில் கையை உயர்த்த வேண்டும் என்பதுகூட முன்பே முடிவாகிவிடுகிறது. அத்தகைய போட்டிகளில் நடுவராக இருந்து, தடுமாற்றத்துக்கு மதிப்பெண் குறைத்தவள் நான். அந்தப் பயிற்சி தேவையில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால், தமிழுக்கு நாம் அமைத்துத் தந்திருக்கும் மேடை பெரும்பாலும் அது ஒன்றாகவே இருப்பது தவறு என்று இப்போது நினைக்கிறேன். 2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் தர முயன்று வருகிறோம். வகுப்பறைக்கு வெளியே அந்தப் பேச்சுத் தமிழ் எந்த மேடையில் ஏறுகிறது?

நம் மரபு ஒன்றும் இதற்கு எதிரானது அல்ல. தெருக்கூத்தில் கட்டியக்காரன் அரசனையே கிண்டல் செய்வான். அடுத்த நொடி திரும்பி, முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவரிடம் ஊர் வம்பு பேசுவான். எல்லாம் பேச்சு வழக்கில்தான். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் மக்கள் பேசிய தமிழில்தான் சிரிக்கவைத்தார். இன்று தமிழ்நாட்டில் அலெக்சாண்டர் பாபு போன்றோர் தனியொருவராக மேடையில் நின்று தமிழில் அரங்கைச் சிரிக்க வைக்கின்றனர். அவருடைய ‘அலெக்ஸ் இன் வொண்டர்லேண்ட்’ 2019இல் இணையத் திரையிலும் வந்தது. அதைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன். ஆனாலும் நம் வீவக லிஃப்ட்டையும் தேசிய சேவையையும் துணைப்பாட வகுப்புகளையும் பற்றி நாம்தானே சொல்ல வேண்டும்?

நகைச்சுவை என்ற பெயரில் பிறர் மனம் புண்படாதா என்று சிலர் கேட்கலாம். புண்படும். பல இனத்தவர் அடுத்தடுத்த கதவுகளில் வாழும் நாட்டில் அந்தக் கவலை நியாயமானது. ஆனால், பிறர் பேசும் விதத்தைப் பார்த்துச் சிரிப்பது, சொல்வதற்கு வேறு எதுவும் இல்லாதபோது எடுக்கும் குறுக்குவழி. நம் வீட்டை, நம் தவற்றை, நாம் நன்கு அறிந்தவரைச் சொல்லப் பழகியவருக்கு அந்தக் குறுக்குவழி அவ்வளவாகத் தேவைப்படாது.

திறந்த மேடைகள் பல, மதுக்கூடங்களில் இரவில் நடக்கின்றன. அங்கு உங்களால் போக முடியாது, போகவும் வேண்டாம். ஒரு நூலக அறையோ சமூக மன்ற அறையோ போதும். மாதம் ஒரு மாலை. ஆளுக்கு ஐந்து நிமிடம். நடுவர் இல்லை, பரிசு இல்லை. ஆங்கிலச் சொல் கலந்தால் யாரும் குறித்துக்கொள்ள மாட்டார்கள். தமிழ்மொழி விழா ஏப்ரலில் வருகிறது. இதற்கு ஏப்ரல் வரை காத்திருக்கத் தேவையில்லை.

சென்ற மாதம் என் மாணவர் அப்படி ஓர் அறையில், பதினொரு பேர் முன்னிலையில், முதன்முறையாகத் தமிழில் பேசினார். முதல் மூன்று நிமிடம் ஒருவரும் சிரிக்கவில்லையாம். இரண்டு இடங்களில் சொல் கிடைக்காமல் நின்றுவிட்டாராம். ‘அவரு சரியான கஞ்சப்பய’ என்றபோதுதான் பின்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வந்திருக்கிறது. சிரித்தவர் எட்டாம் மாடிக்காரர். தந்தைதான் அவரை அழைத்து வந்திருந்தார்.