சாயங்காலக் கரண்டுக்குக் கூடுதல் விலையா?

விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களில் சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் வீட்டு வேலையே தொடங்குகிறது. மோட்டார் போட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வேண்டும். மிக்சி ஓட வேண்டும். பிள்ளைகள் ஃபேனுக்கடியில் உட்கார்ந்து படிக்க வேண்டும். அந்த நேரத்துக் கரண்டுக்குக் கூடுதல் விலை வைக்கும் விதி டெல்லியில் எழுதப்பட்டு ஆண்டுகள் ஆகின்றன.

2023 ஜூனில் மத்திய மின் அமைச்சகம் மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. வெயில் இருக்கும் எட்டு மணி நேரத்துக்கு வழக்கமான கட்டணத்தில் குறைந்தது 20 சதவீதம் குறைவு. உச்ச நேரத்தில் வீடுகளுக்குக் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். விவசாய இணைப்பைத் தவிர்த்து, வீடுகளுக்கு 2025 ஏப்ரல் 1 கெடு. ஸ்மார்ட் மீட்டர் மாட்டியதுமே இது நடைமுறைக்கு வரும் என்றும் அதில் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் வந்து ரீடிங் எடுக்கும் பழைய மீட்டரால் மணிக்கொரு விலை போட முடியாது. அது சுவரில் இருக்கும்வரை நமக்கு அவகாசம்.

இந்தப் பகல்-சாயங்கால விலை வித்தியாசம் எங்கிருந்து வருகிறது? மின் சந்தையில் ஒரு நாளை 15 நிமிடமாக 96 துண்டு போட்டு ஏலம் விடுகிறார்கள். ஒவ்வொரு துண்டிலும் தேவையை நிரப்பக் கடைசியாகச் சேர்க்கப்படும் மின்சாரம் என்ன விலையோ, அதுவே அந்தத் துண்டில் விற்கும் எல்லோருக்கும் விலை. நண்பகலில் சூரிய மின்சாரம் குவிந்து யூனிட் 2 ரூபாய்க்கும் கீழே போன நாட்கள் உண்டு. பொழுது சாய்ந்ததும் உச்சவரம்பான 10 ரூபாயைத் தொட்ட நாட்களும் உண்டு. மின்வாரியத்துக்கு சாயங்காலச் சுமை உண்மையானது, மறுக்கவில்லை. ஏ.சி.யும் வாஷிங் மெஷினும் உள்ள வீடு பயன்பாட்டைப் பகலுக்குத் தள்ளிக்கொள்ளும். பகலெல்லாம் வயலில் நிற்பவர் எதைத் தள்ளுவார்?

சந்தை விலையை அப்படியே வீட்டுக்குள் விட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் டெக்சாஸ் 2021 பிப்ரவரியில் பார்த்தது. கடுங்குளிரில் மின் நிலையங்கள் முடங்க, யூனிட் விலை 9 டாலருக்கு ஏறியது. அன்றைய கணக்கில் 650 ரூபாய். சந்தை விலையையே பில்லில் ஏற்றிய கிரிடி என்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்குச் சில நாட்களில் ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது, நிறுவனமும் திவாலானது. ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை வாங்கிய ஊர் மயிலம். பேரிடர் நேரத்தில் விலை ஏறும் ஏற்பாடு இந்த ஊருக்கு எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் இப்போதே பேச வேண்டும். பகல் தள்ளுபடியை வீடுகளுக்குக் கொடுக்கட்டும். சிறு பயனாளிகள் மீது சாயங்காலக் கூடுதல் கட்டணம் விழாதென்று எழுத்தில் உறுதி தரட்டும். 2016 முதல் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் எந்த மணியில் செலவானாலும் குறையக் கூடாது. சந்தை விலையை நேரடியாக வீட்டு பில்லில் ஏற்றுவதற்குத் தடை வேண்டும். இதற்கான கருத்துக்கேட்புக் கூட்டம் சென்னையோடு நின்றுவிடாமல், வேலை முடிந்து மக்கள் வரக்கூடிய நேரத்தில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நடக்க வேண்டும். அது முடிந்த பிறகு மீட்டர் மாட்ட வரட்டும்.