பால் குடுத்ததால இல்ல, அக்கா

பால் குடுத்தா நெஞ்சு விழுந்திரும் எண்ட கதையை எங்கட பக்கத்துப் பெண்பிள்ளைகள் கல்யாணத்துக்கு முன்னமே கேட்டு வளருறாங்க. பிள்ளை பெத்து, ஒண்டரை ரெண்டு வருஷம் பால் குடுத்து, மறக்கடிச்ச பிறகு கண்ணாடியில தன்னைப் பார்க்கிற ஒரு அக்காவுக்கு அது உண்மை மாதிரியே தெரியும். இப்ப அதே கதையை ஃபோனில வாற விளம்பரமும் சொல்லுது. பால் குடுத்து இழந்ததை உங்கட சொந்தக் கொழுப்பை வைச்சே திருப்பி எடுக்கலாமாம்.

அந்தச் சிகிச்சையைப் பற்றித்தான் கதைக்கப் போறன். வயித்தில, தொடையில இருக்கிற கொழுப்பை மெல்லிய குழாயால உறிஞ்சி எடுத்து, சுத்தப்படுத்தி, கொஞ்சம் கொஞ்சமா மார்புக்குள்ள ஏத்துறதுதான் கொழுப்பு மாற்றுச் சிகிச்சை. என்ட நிலைப்பாட்டை முதலே சொல்லிர்றன். செய்யிறதும் செய்யாம விடுறதும் அந்தப் பெண்ணுட முடிவு. ஆனா அந்த முடிவுக்கு அவவை ஆயத்தப்படுத்துற வேலையை விளம்பரக்காரரிட்டக் குடுத்திட்டு நாங்க வாயை மூடிக்கொண்டு இருக்கிறம். அதைத்தான் என்னால ஏத்துக்க முடியல்ல.

முதல் ஆயத்தம், அந்தப் பழைய கதையைத் தூக்கி எறியிறது. அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகத்துப் பிளாஸ்டிக் சர்ஜன் பிரையன் ரிங்கரும் அவரோட வேலை செய்தவங்களும், பிள்ளை பெத்த பிறகு மார்புச் சிகிச்சைக்கு வந்த 93 பெண்களை ஆராய்ந்து 2008இல் முடிவுகளை வெளியிட்டாங்க. பால் குடுத்ததால தொய்வு கூடினதா அதில தெரியல்ல. வயது, எத்தனை தரம் கர்ப்பமானது, உடல் நிறை, கர்ப்பத்துக்கு முன்னம் மார்பு எவ்வளவு பெரிசா இருந்தது, புகைப்பழக்கம் ஆகியவைதான் காரணமா நிண்டிச்சு. யோசிச்சுப் பார்த்தா இது விளங்கும். கர்ப்பகாலத்திலயே பால் சுரப்பிகள் பெருத்துத் தோலை இழுத்திரும். பிறகு சுரப்பி சுருங்கும், இழுபட்ட தோல் முழுசா மீளாது. ஒரு நாளும் பால் குடுக்காத தாய்க்கும் இது நடக்கும்.

இலங்கையில இது சின்ன விஷயமில்ல. 2016 குடித்தொகை சுகாதார அளவீட்டின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில 82 சதவீதத்துக்குத் தாய்ப்பால் மட்டும்தான் குடுக்கப்பட்டிச்சு. 2020இல் தாய்ப்பாலூட்டலுக்கான ஆதரவை அளக்கிற உலகத் தரவரிசையில 97 நாடுகளுக்குள்ள நாங்க முதலிடம். இதை மிட்வைஃப்மாரும் தாய்மாரும் சேர்ந்து கட்டியெழுப்பினாங்க. அழகு போயிரும் எண்ட பயத்தில ஒருத்தி போத்தலுக்கு மாறினா, பிள்ளைக்கு நட்டம், அவட மார்புக்கும் ஒரு லாபமுமில்ல.

ஆனா அந்த 82 சதவீதத்துக்குப் பிறகு தாய்க்கு என்ன நடந்திச்சு எண்டு ஆர் கேட்கிற? பிள்ளை பிறந்தா பால்சுறா தேடுவம், உள்ளிக்கறி வைப்பம், முருங்கையிலை சுண்டுவம். எல்லாம் பால் ஊறத்தான். பிள்ளைட நிறையை கிளினிக் கொப்பியில மாசாமாசம் பதிவம். பால் நிண்ட பிறகு தாய்ட உடம்பைப் பற்றி ஒரு சொல் இல்ல. அந்தச் சொல்லே எங்களுக்கு வாயில வராது. "நெஞ்சு" எண்டுவம், "மேல்பக்கம்" எண்டுவம். டொக்டரிட்டப் போனாலும் கையால காட்டுவம். இத்தனைக்கும், தன்ட இடது முலையைத் திருகி எறிஞ்சு மதுரையை எரிச்ச கண்ணகியை வருஷாவருஷம் வைகாசியில குளிர்த்தி பாடிக் குளிர வைக்கிற ஊர்கள் எங்கட ஊர்கள். செட்டிபாளையத்தில இருந்து தம்பிலுவில் வரைக்கும் அந்தக் கதையைப் பாடக் கூச்சமில்ல. சொந்த அக்கா தன்ட உடம்பைப் பற்றிக் கேட்டா மட்டும் கூச்சம்.

தமிழ்நாட்டில இந்தக் கதை ஒருக்கா அரச மட்டத்திலயே வெளிய வந்தது. 2018 பெப்ரவரியில சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில, மார்பகத் திருத்தச் சிகிச்சையை இலவசமாகக் குடுக்கிற கிளினிக் ஒண்டைத் தொடங்கினாங்க. புற்றுநோயால மார்பை இழந்தவங்களுக்கு மட்டுமில்ல, அளவைக் கூட்ட அல்லது குறைக்க விரும்புறவங்களுக்கும். அப்போதைய சுகாதார அமைச்சர் சி. விஜயபாஸ்கர், அழகுச் சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது எண்டு கேட்டார். அரசு குடுக்காட்டி அவங்க பெரிய கடன்படுவாங்க, இல்லாட்டி ஆபத்தான வழிக்குப் போவாங்க எண்டது அவர் வாதம். வரிப்பணம் உயிர்காக்கிற சிகிச்சைக்குத்தான் முதல்ல போகணும் எண்டு எதிர்த்தவங்களும் இருந்தாங்க.

வரிசையில புற்றுநோய்க்காரியும் எரிகாயக்காரியும் முன்னுக்கு நிக்கணும் எண்டதில எனக்குச் சந்தேகமில்ல. ஆனா அமைச்சர்ட கடன் கதை எங்கட பக்கம் நல்லாவே பொருந்தும். நுண்கடன் கிழமைக் கட்டுக்காரன் வாசலில நிக்கிற ஊர்கள் எங்கட. அரசாங்கம் சிகிச்சைக்குக் காசு குடுக்கோணும் எண்டு நான் கேட்க வரல்ல. தகவலையாவது குடுக்கலாம் தானே? அதுக்குப் புதுக் கட்டடம் வேணாம். குருமண்வெளியில பாதை ஏறி மண்டூருக்குப் போய் இறங்கினாலும் அங்க ஒரு மிட்வைஃப் இருக்கிறா.

சரி, செய்யிறதெண்டு யோசிக்கிற ஒரு அக்கா என்னத்தைத் தெரிஞ்சிருக்கணும்? விளம்பரம் சொல்லாததுகளைச் சொல்லுறன்.

முதல்ல காலம். பால் மறக்கடிச்ச உடனே செய்ய ஏலாது. மார்பு தன்ட புது அளவுக்கு வர மாசங்கள் எடுக்கும். மூண்டு தொடக்கம் ஆறு மாசமாவது பொறுக்கச் சொல்லுறதுதான் வழமை. இன்னொரு பிள்ளை பெற யோசனையிருந்தா அதுக்குப் பிறகு செய்யிறது நல்லம். அடுத்த கர்ப்பம் எல்லாத்தையும் திரும்ப மாத்திரும்.

மறுகா, இந்தச் சிகிச்சை எதைச் செய்யாது எண்டது. கொழுப்பு நிரப்பும், தூக்காது. வெறுமையாப் போன மார்புக்கு அது உதவும். நல்லாத் தொய்ஞ்ச மார்புக்குத் தோலைக் குறைச்சு உயர்த்துற வேற சத்திரசிகிச்சை வேணும். இந்த வித்தியாசம் தெரியாமக் காசு கட்டினா ஏமாற்றம்தான் மிச்சம். ஏத்தின கொழுப்பு முழுக்கத் தங்கவும் மாட்டாது. கணிசமான பங்கை உடம்பு உறிஞ்சிரும். மிஞ்சுறது எவ்வளவு எண்டு தெரிய சில மாசம் போகும், சிலருக்கு ரெண்டாந்தரமும் செய்ய வேண்டி வரும். தங்கினது கொழுப்புத்தானே, மெலிஞ்சா அதுவும் மெலியும். அதனால நிறை ஒரு நிலையில இருக்கணும். ஒல்லியான ஆளெண்டா எடுக்கிறதுக்கே கொழுப்புப் போதாமப் போகலாம்.

மூண்டாவது, வெத்திலை வட்டா. சிகரட் குடிக்காத எங்கட பெண்கள் எத்தனை பேர் புகையிலை போடுறாங்க! நிக்கொட்டின் ரத்தக்குழாயைச் சுருக்கும். ஏத்தின கொழுப்பு உயிர் பிழைக்கப் புது ரத்தோட்டம் வேணும். அதால சிகிச்சைக்கு வாரங்களுக்கு முன்னமே புகையிலையை நிப்பாட்டணும். அஸ்பிரின், நோவுக் குளிசை, கருத்தடைக் குளிசை, நாட்டு மருந்து எது எடுத்தாலும் டொக்டரிட்ட மறைக்காமச் சொல்லணும். சில மருந்து ரத்தப்போக்கைக் கூட்டும், சிலது ரத்தம் கட்டியாகிற ஆபத்தைக் கூட்டும். பிள்ளைப்பேறுக்குப் பிறகு ரத்தச்சோகை இருக்குதா எண்டும் பார்க்கணும்.

நாலாவது, இதுதான் முக்கியம். மார்பை முதல்ல பரிசோதிக்கணும். வயதைப் பொறுத்து ஸ்கேன் அல்லது மெமோகிராம். குடும்பத்தில ஆருக்கும் மார்பகப் புற்றுநோய் இருந்தாச் சொல்லணும். ஏத்தின கொழுப்பில கொஞ்சம் செத்து எண்ணெய்க் கட்டியாகும், சுண்ணாம்பு படியும். பிறகு எடுக்கிற படத்தில அது சந்தேகத்தைக் கிளப்பலாம். இந்தப் பயத்தாலதான் 1987இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் சர்ஜன்மாரின் சங்கம் மார்புக்குக் கொழுப்பு ஏத்தவேணாம் எண்டது. படங்களில ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கிற அறிவு வளர்ந்த பிறகு, 2009இல் அந்த நிலைப்பாடு தளர்ந்தது. அதால முன்னம் எடுத்த படத்தைப் பத்திரமா வைக்கணும், பிறகு எந்தப் பரிசோதனைக்குப் போனாலும் சிகிச்சை செய்ததைச் சொல்லணும்.

கடைசியா வீடு. சிகிச்சைக்குப் பிறகு சில கிழமைக்குப் பாரம் தூக்க ஏலாது. ரெண்டு வயசுப் பிள்ளையும் பாரம்தான். ஆர் தூக்குற, ஆர் தண்ணி அள்ளுற? மகளுக்கு வீடு குடுத்துத் தாயும் பக்கத்து வளவிலயே இருக்கிற எங்கட வழக்கம் இதுக்கு உதவும். ஆனா உதவி கேட்கணுமெண்டாத் தாயிட்ட விஷயத்தைச் சொல்லணும். திரும்பவும் அந்தச் சொல்ல ஏலாத சொல்லிலதான் வந்து நிக்கிறம். அந்த வெட்கத்தாலதான் சிலர் சலூனில குறைஞ்ச காசுக்கு ஊசி போடப் போறாங்க. மார்பைப் பெருப்பிக்க சிலிக்கன் ஊசியையோ வேற நிரப்பு ஊசியையோ அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அங்கீகரிக்கல்ல. செய்யிற ஆள் இலங்கை மருத்துவ சபையில பதிஞ்ச டொக்டரா, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில விசேட பயிற்சி எடுத்தவரா எண்டு கேட்கிறது மரியாதைக் குறைவில்ல.

"இதெல்லாம் ஆண்களுட கண்ணுக்காகச் செய்யிறது, பெண்ணியம் படிச்ச நீ ஏன் வழிகாட்டுற" எண்டு எங்கட பீடத்திலயே கேட்பாங்க. கேள்வி நியாயம். புருஷன் ஒரு சொல் சொல்லிட்டான் எண்டதுக்காக ஆரும் மயக்க மருந்து மேசையில ஏறக்கூடாது. "இது ஆருக்காக, அவர் இல்லாட்டியும் செய்வனா?" எண்ட கேள்வியும் ஆயத்தத்தில ஒண்டுதான். ஆனா அந்தக் கேள்வியை அக்காதான் தன்னட்டக் கேட்கணும். நாங்க நீதவான் கதிரையில இருந்து கேட்டா அவ எங்களிட்ட வரவே மாட்டா. நேரா விளம்பரக்காரனிட்டத்தான் போவா.

ரெண்டு விஷயம் கேட்கிறன். பிள்ளைட நிறை பார்க்கிற கிளினிக்கில, பால் நிப்பாட்டின தாய்ட மார்பைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்கட்டும். கட்டி இருக்கா, நோவு இருக்கா, மனசில ஏதும் கிடக்கா எண்டு. மற்றது எங்களுக்கு. "பால் குடுத்ததாலதான் இப்பிடியாயிட்டன்" எண்டு உங்கட வீட்டில ஆரும் சொன்னா, சிரிச்சு மழுப்பாதீங்க. அது பால் குடுத்ததால இல்ல எண்டு சொல்லுங்க. செய்யப் போறன் எண்டா, எத்தனை மாசமாச்சு, படம் எடுத்தாச்சா, டொக்டர் ஆர் எண்டு கேளுங்க. வேணாம் எண்டா, சரி அக்கா எண்டு சொல்லிட்டு அவட பிள்ளையை வாங்கிக் கொஞ்ச நேரம் இடுப்பில வைச்சிருங்க.