எங்கள் பிள்ளைகளின் முகம் உங்களுடைய பற்றுச்சீட்டல்ல

 

கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதும் வாசித்துவிட்டுத் திட்ட வேண்டியவர்கள் திட்டுங்கள்.

தவணை தொடங்கியதும் ஒரு நிறுவனம் பாடசாலைக்குப் புத்தகப் பை கொடுக்க வந்தது. பெயர் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இது ஒரு நிறுவனத்தின் பழக்கம் மட்டுமல்ல. வாப்பா இல்லாத பிள்ளைகளின் பட்டியலை எழுதிக் கொடுத்தது நாங்கள்தான். காலைக் கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் பெயர்களை வாசித்தோம். பின்னால் பதாகையைக் கட்டி, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினோம். ஒவ்வொருவரும் பையை நெஞ்சுக்கு நேரே பிடித்துக் கமராவைப் பார்க்க வேண்டும். முக்கால் மணித்தியாலம் வெயிலில் நின்றார்கள்.

பட்டியலில் இருந்த ஒரு மாணவி அன்று வரவில்லை. மறுநாள் ஏன் என்று கேட்டோம்.

"போட்டோ எடுக்கிற நாளைக்குப் போக வாணாமெண்டு உம்மா சொன்னா, சேர்."

முந்தைய வருடம் எடுத்த படம் பேஸ்புக்கில் போய், வெளியூர்ச் சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டு அந்தத் தாயிடம் கேட்கக் கூடாததைக் கேட்டிருக்கிறார்கள். பையும் கிடைக்கவில்லை, ஒரு நாள் படிப்பும் போனது. அந்தப் பட்டியலை எழுதிய கை எங்களுடையது. அதனால் இந்தப் பதிவில் முதல் குற்றவாளிகள் நாங்கள்தான். அதைச் சொல்லிவிட்டே மற்றதைப் பேசுகிறோம்.

"என்.ஜீ.ஓ. என்றாலே கள்ளர்" என்று பேசுகிறவர்களோடு எங்களைச் சேர்த்துவிடாதீர்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தது. கிண்ணியா வைத்தியசாலையையும் அது விட்டுவைக்கவில்லை. அந்த நாட்களில் உப்பேறிய கிணற்றை இறைத்தவர்களையும், கூடாரம் அடித்துத் தந்தவர்களையும், மருந்தோடு வந்தவர்களையும் நாம் மறக்கவில்லை. மறந்தால் நன்றி கெட்டவர்கள் ஆவோம்.

2006 ஓகஸ்ட் 4ஐயும் மறக்கவில்லை. ஏ.சி.எவ். என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் மூதூரில் தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 16 பேர் தமிழர், ஒருவர் முஸ்லிம். சுனாமியில் பாதிக்கப்பட்டவர்களுக்காக வேலை செய்தவர்கள். அதே நாட்களில்தான் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கொலைக்காக இதுவரை எவரும் தண்டிக்கப்படவில்லை. சேவை செய்ய வந்தவர்களின் இரத்தம் இந்த மண்ணில் இருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்கிறோம்.

எங்கள் பெயரைச் சொல்லிச் சேர்த்த பணத்துக்கு எங்களிடம் கணக்குச் சொல்பவர் யார்?

கொடையாளிக்கு அறிக்கை போகிறது, அதில் படம் போகிறது, எண்ணிக்கை போகிறது. அரசாங்கத்துக்கும் ஒரு கணக்குப் போகிறது. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவு, செயலகத்தில் அனுமதி என்று அந்த நடைமுறை ஓடிக்கொண்டிருக்கிறது. அரசாங்கம் கேட்பது பெரும்பாலும் சந்தேகத்தில் கேட்கிற கணக்கு. 2019 ஏப்ரலுக்குப் பிறகு முஸ்லிம் அமைப்புகள் அந்தச் சந்தேகத்தை நன்றாகவே அனுபவித்தன. நாம் கேட்பது அதுவல்ல. கிணறு யாருக்கு, எத்தனை ரூபாய்க்கு, பழுதானால் யார் திருத்துவது என்பதே நமது கேள்வி. இதற்குப் பதில் எழுதி எந்த ஊரிலாவது ஒட்டியிருப்பதைக் கண்டீர்களா? கைப்பிடி கழன்ற குழாய்க் கிணறுகளை நாம் கண்டிருக்கிறோம். அதன் பக்கத்தில் கொடுத்தவர் பெயர் பொறித்த கல் மட்டும் பளபளவென்று நிற்கும்.

இன்னொன்று, தூரம். அலுவலகங்கள் திருகோணமலை நகரத்தில். வாகனம் கிண்ணியா, மூதூர், தோப்பூர் வரைக்கும் அடிக்கடி வருகிறது. அதற்கப்பால் ஈச்சிலம்பற்று, இலங்கைத்துறை முகத்துவாரம், வெருகல் என்று போகப் போக வருகை குறைகிறது. அந்த ஊர்களில் கணக்கெடுப்புப் படிவம் நிரப்பாத வீடு இருக்காது. "எத்தனை பேர், என்ன தொழில், மலசலகூடம் இருக்கிறதா" என்று ஒவ்வொருவரும் வந்து கேட்டு எழுதிக்கொண்டு போவார்கள். ஒருவர் எடுத்த விபரத்தை மற்றவர் வாங்கிப் பார்ப்பதில்லை. கடைசியில் ஒரு வீட்டுக்கு இரண்டு தையல் இயந்திரம் வரும், அடுத்த வீட்டுக்கு ஒன்றும் வராது.

பட்டியலை இனம் பார்த்துப் பிரிக்கும் வழக்கமும் இருக்கிறது. தமிழ் ஊருக்கு ஒரு நிறுவனம், முஸ்லிம் ஊருக்கு ஒரு நிறுவனம், சிங்கள ஊருக்கு இன்னொன்று. ஒரே வெள்ளம் மூன்று ஊரின் வயலையும் அள்ளிப் போகிறது. உதவி மட்டும் அடையாள அட்டையில் பெயரைப் பார்த்து வருகிறது. 2005 ஜூன் 24இல் சுனாமி நிவாரணத்துக்கான பொதுக்கட்டமைப்பு உடன்படிக்கை கைச்சாத்தானபோது, முஸ்லிம்கள் கைச்சாத்திடும் தரப்பாக இல்லை என்று நாமெல்லோரும் கொதித்தோம். நியாயமான கோபம். அதே கோபம் இலங்கைத்துறையில் ஒரு மீனவக் குடும்பம் "நீங்கள் எங்கள் பட்டியலில் இல்லை" என்று கேட்கும்போதும் நமக்கு வர வேண்டாமா?

நிறுவனங்கள் நம்மைத் திருப்பிக் கேட்கலாம்: "இதெல்லாம் சொல்ல நீங்கள் யார்?" நாம் புதிதாக எதையும் சொல்லவில்லை. செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் சர்வதேச நிறுவனங்களும் 1994இல் தங்களுக்கென்று 10 அம்ச நடத்தைக் கோவை ஒன்றை எழுதிக்கொண்டன. இரண்டாவது அம்சம், இனமோ மதமோ பாராமல் தேவையை மட்டும் பார்த்து உதவுவது. ஒன்பதாவது, கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் ஒன்றுபோலப் பொறுப்புச் சொல்வது. பத்தாவது, பாதிக்கப்பட்டவரை விளம்பரத்தில் கதியற்ற பொருளாகக் காட்டாமல் கண்ணியமுள்ள மனிதராகக் காட்டுவது. இது அவர்களே எழுதியது. படித்துக் காட்ட வேண்டிய நிலையில் நாம் இருக்கிறோம்.

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம். நோன்பு காலத்தில் உலர் உணவுப் பொதி கொடுத்துப் படம் போடுவது வெளியிலிருந்து வந்தவர்களா? உழ்ஹிய்யா இறைச்சிப் பையோடு கைம்பெண்ணை நிறுத்திப் படம் எடுப்பது யார்? நமது சங்கங்கள், நமது கழகங்கள், வெளிநாட்டில் இருக்கும் நமது பிள்ளைகளின் குழுக்கள். சில ஊர்களில் ஜகாத் சேர்த்த தொகையும் பகிர்ந்த தொகையும் ஒரு துண்டுக் காகிதத்தில்கூடப் பள்ளிவாசல் பலகையில் ஏறுவதில்லை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டியும் மனதைப் புண்படுத்தியும் தர்மத்தைப் பாழாக்க வேண்டாமென்று சூறா அல்பகராவின் 264ஆம் வசனம் எச்சரிக்கிறது. ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டுகிறோம். அஸருக்குப் பிறகு கமராவைத் தூக்குகிறோம்.

"படம் இல்லாவிட்டால் காசு வராது" என்பார்கள். கொடுப்பவருக்கு ஆதாரம் வேண்டும் என்பது சரி. பெறுபவரின் கையொப்பம் இருக்கிறது, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல் இருக்கிறது, கடைச் சிட்டை இருக்கிறது. அடுக்கி வைத்த பைகளைப் படம் எடுக்கலாம். கட்டிய கிணற்றைப் படம் எடுக்கலாம். பிள்ளையின் முகம் எதற்கு?

ஆகவே நாம் செய்யக்கூடியவை நான்கு.

1. ஆசிரியர்களாகிய நாங்கள் இனி அநாதைப் பிள்ளைகளின் பெயரைக் கூட்டத்தில் வாசிக்க மாட்டோம். பொருளை அதிபரின் அறையில் தந்துவிட்டுப் போகட்டும். பெற்றோர் வந்து வாங்கிக்கொள்வார்கள்.

2. ஊருக்குள் எந்த வேலைத்திட்டம் வந்தாலும் தொகை, பயனாளி எண்ணிக்கை, முடியும் திகதி, முறைப்பாடு சொல்ல ஒரு தொலைபேசி இலக்கம் ஆகியவற்றைத் தமிழில் எழுதிப் பொது இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். சிங்கள ஊரில் சிங்களத்தில்.

3. மறுத்தால் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரச அலுவலகத்துக்கு மட்டுமல்ல. அரசிடமிருந்தோ வெளிநாட்டு அரசுகளிடமிருந்தோ சர்வதேச அமைப்புகளிடமிருந்தோ கணிசமான நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் நிறுவனங்களும், அந்தச் சேவை பற்றிய அளவில், அதற்குள் வருகின்றன. பிரதேச செயலகத்திடமும் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று பதில் சொல்ல வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள் பாடசாலை விட்ட பிறகு எங்களிடம் வாருங்கள், எழுதித் தருகிறோம்.

4. பள்ளிவாசல் நிருவாகங்கள் இந்த வருட ஜகாத் கணக்கை முதலில் பலகையில் போடட்டும். நம் கணக்கைத் திறக்காமல் மற்றவர் கணக்கைக் கேட்க நமக்கு வாயில்லை.

இதனால் சில நிறுவனங்கள் ஊருக்கு வராமல் போகலாம், அடுத்த தவணை பை குறையலாம் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் எங்களுக்கும் இருக்கிறது. பை குறைந்தால் சம்பளத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு வாங்குவோம். ஆனால் உதவி கொடுக்கிற நாளில் ஒரு பிள்ளை பாடசாலைக்கு வர வெட்கப்பட்டால், அந்த உதவியில் ஏதோ பிழை இருக்கிறது.

அந்த மாணவிக்கு உரிய பை இன்னும் அலுமாரிக்குள் இருக்கிறது. இந்த வாரம் அவளுடைய உம்மாவை வரச் சொல்லியிருக்கிறோம். யாரும் படம் எடுக்க மாட்டோம்.