யாருக்கு ரஸ்தா?

"ரஸ்தா வேண்டாம் என்பவன் முன்னேற்றத்தின் விரோதி" என்று ஒரு கூட்டம் கூவுகிறது. யாருக்கு ரஸ்தா என்று நாம் கேட்கிறோம்.

இத்தாலியைச் சேர்ந்த சிசிலித் தீவிலே ஸ்கோப்பெல்லோ, சான் வீட்டோ என்று இரண்டு ஊர்கள். நடுவே ஸிங்காரோ என்னும் ஏழு கிலோமீட்டர் மலையோரக் கடற்கரை. அங்குள்ள ஒற்றையடிப் பாதைகளைப் போட்டது எந்த சர்க்காரும் அல்ல. குட்டைப் பனையின் ஓலை அறுத்துக் கூடையும் துடைப்பமும் செய்தவர்கள், சூரை மீன் பிடித்தவர்கள், கோவேறு கழுதை ஓட்டிய விவசாயிகள் நடந்து நடந்து உண்டாக்கியவை அவை. 1970களில் மலையைக் குடைந்து மோட்டார் ரஸ்தா போடக் கிளம்பினார்கள் அதிகாரிகள். ரஸ்தா வந்தால் பின்னாலேயே பங்களா வரும். பங்களாவைச் சுற்றி மதில் வரும். கடல் மதிலுக்கு அந்தப்புறம்! முன்னேற்றமாம்!

1980 மே 18ஆம் தேதி ஆயிரக்கணக்கான ஜனங்கள் திரண்டு அந்தக் கரையிலே நடந்தார்கள். ரஸ்தா வரவில்லை. 1981ல் சட்டம் வந்தது. சிசிலியின் முதல் இயற்கைக் காப்பகம் அதுதான். மோட்டார் நுழையாது, யாரானாலும் கால்நடைதான். ஸ்கோப்பெல்லோ பக்கம் அன்று குடைந்த சுரங்கம் மட்டும் இன்னும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது.

ஆனால் ஒரு கணக்கு பாக்கி. இன்று உள்ளே நடக்க நுழைவுச்சீட்டு வாங்கவேண்டும். 2012லும் 2020லும் பெருந்தீ அந்த மலையைத் தின்றது. காவலுக்குப் பணம் வேண்டும், வாஸ்தவம். மலையைக் குடையப் பணம் எடுத்த அதே கஜானாவிலிருந்து எடுக்கட்டுமே! நடந்து மீட்ட பாதையில் நடக்க ஜனங்களிடமே காசு கேட்பது என்ன நியாயம்?