பூர்வகுடித் தலைமைக்குப் பட்டம் எதற்கு என்பவர்களுக்கு

வெளிநாட்டு மேற்படிப்புக்கு விண்ணப்பம் போடும் வீடுகளில் இன்டர்நேஷனல் பிசினஸ் என்றால் யாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை. அதே படிப்பில் ‘பூர்வகுடித் தலைமை’ என்ற பிரிவும் சேர்ந்து வந்தால்தான் முகம் சுளிக்கிறார்கள். “அது அங்க இருக்கிற ட்ரைபல் ஆளுங்களுக்காகப் போட்ட சலுகை கோர்ஸ். வியாபாரத்துல எதுக்குடா இனமும் தலைமையும்?” என்று கேட்கும் சித்தப்பா எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார். கனடாவிலும் நியூசிலாந்திலும் இதே பேச்சு கொஞ்சம் நாகரிகமான வார்த்தைகளில் நடக்கிறது. வான்கூவர் பகுதியின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகம் 2012-ல் பூர்வகுடி வணிகத்துக்கும் தலைமைக்கும் என்றே நிர்வாகிகளுக்கான எம்.பி.ஏ. ஒன்றைத் தொடங்கியது. அதற்குப் பின்னும் இந்தப் பேச்சு ஓயவில்லை. அதன் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கலாம்.

வியாபாரம் எங்கும் ஒன்றுதான், கணக்குக்கு இனம் கிடையாது என்பதுதான் இவர்களின் பெரிய வாதம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. ஆனால் வழக்கமான எம்.பி.ஏ. வகுப்பு சில விஷயங்களைச் சொல்லாமலேயே எடுத்துக்கொள்கிறது. நிலத்தை விற்கலாம், அடகு வைக்கலாம். பங்குதாரருக்குப் பிடிக்கவில்லை என்றால் பங்கை விற்றுவிட்டு வெளியேறலாம். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் அந்த வகுப்பின் பாதிப் பாடம் நின்றுபோகும். பூர்வகுடியினரை ‘இந்தியர்’ என்றழைக்கும் கனடாவின் இந்தியர் சட்டத்தில் 89-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஒதுக்கீட்டு நிலத்தில் இருக்கும் பூர்வகுடியினரின் சொத்தை வெளியார் அடமானம் பிடிக்கவோ ஜப்தி செய்யவோ முடியாது. நிலம் பறிபோகாமல் காத்த பிரிவுதான். அதனாலேயே வங்கிகள் கடன் தரத் தயங்குகின்றன. நியூசிலாந்திலும் 1993-ஆம் ஆண்டின் மாவோரி நிலச் சட்டம் இனத்துக்கு வெளியே நிலம் போவதை மிகக் கடினமாக்கியிருக்கிறது. ஈடு காட்ட முடியாத, விற்க முடியாத, ஆயிரம் பேர் பொதுவில் வைத்திருக்கும் சொத்தைக் கொண்டு தொழில் நடத்துவது எப்படி? ‘எங்கும் ஒன்றான’ வியாபாரப் படிப்பில் இதற்கு விடை இல்லை.

விடை கண்டவர்கள் இருக்கிறார்கள். நோவா ஸ்கோஷியாவின் மெம்பர்ட்டூ என்ற சிறு ஊரின் கதை இது. அந்த ஊரைச் சேர்ந்த மிக்மாக் இனத்தவர் டொனால்ட் மார்ஷல். செய்யாத கொலைக்காக 11 ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். 1993-ல் அவர் 463 பவுண்டு விலாங்கு மீன் பிடித்து 787 டாலர் 10 சென்டுக்கு விற்றார். உரிமம் இல்லை, பருவமும் இல்லை என்று வழக்குப் போட்டார்கள். 1760-61-ல் பிரிட்டிஷ் அரசு தம் முன்னோருடன் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி வாதாடினார் மார்ஷல். மீன் பிடித்து விற்று மிதமான வாழ்வாதாரம் தேடிக்கொள்ளும் உரிமை மிக்மாக் மக்களுக்கு உண்டு என்று கனடா உச்ச நீதிமன்றம் 1999 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்புக்கு 21 ஆண்டுகளுக்குப் பின், 2020 நவம்பரில், கிளியர்வாட்டர் சீஃபுட்ஸை வாங்கும் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது. லாப்ஸ்டர், ஸ்காலப் என்று ஆசியா முதல் ஐரோப்பா வரை ஏற்றுமதி செய்யும் பெரிய நிறுவனம். மெம்பர்ட்டூ முன்னின்று, ஏழு மிக்மாக் சமூகங்கள் கூட்டுச் சேர்ந்து, பிரீமியம் பிராண்ட்ஸ் என்ற உணவு நிறுவனத்துடன் பாதிக்குப் பாதி என்று அதை வாங்கின. கடனையும் சேர்த்து மொத்த மதிப்பு ஏறக்குறைய 100 கோடி கனடிய டாலர். தங்கள் பங்குக்காக அந்தச் சமூகங்கள் 25 கோடி டாலரை 30 ஆண்டுத் தவணையில் கடன் வாங்கின.

நிலத்தை அடகு வைக்க முடியாதவர்களுக்கு 25 கோடியைக் கொடுத்தது யார்? 2005-ல் வந்த ஒரு சட்டத்தின் கீழ் பூர்வகுடிச் சமூகங்களே நடத்தும் நிதி ஆணையம் ஒன்று இருக்கிறது. உறுப்புச் சமூகங்களின் சார்பாகச் சந்தையில் கடன் பத்திரம் வெளியிடுவது அதன் வேலை. முதல் வெளியீடு 2014-ல் நடந்தது. ஈடாக நிலம் கேட்பதில்லை, வருமானத்தைத்தான் கேட்கிறது. ஈடு வைத்த வருமானம் முதலில் ஓர் அறங்காவல் கணக்குக்கு வரும். தவணை போக மிச்சம்தான் ஊர்ச் சபைக்குப் போகும். ஒரு சமூகம் தனியாகப் போயிருந்தால் கிடைக்காத வட்டி விகிதம் பல சமூகங்கள் சேர்ந்து போவதால் கிடைக்கிறது. இதில் எது சலுகை? கடன் பத்திரம், தர மதிப்பீடு, நிறுவனக் கொள்முதல், மீன்பிடி உரிமச் சட்டம், 260 ஆண்டுப் பழைய ஒப்பந்தம் எல்லாம் ஒரே மேசைக்கு வந்த வேலை இது. இதைச் சொல்லித்தர ஒரு மேற்படிப்பு வேண்டாம் என்பவர், எதைச் சொல்லித்தர மேற்படிப்பு வேண்டும் என்று சொல்லட்டும்.

இந்தக் கொள்முதலை எல்லோரும் கொண்டாடிவிடவில்லை. பெருநிறுவனத்தின் ஆழ்கடல் உரிமம் வேறு, கரையோரத்தில் சிறு படகில் போகும் மிக்மாக் மீனவரின் ஒப்பந்த உரிமை வேறு. நிறுவனம் கைக்கு வந்ததால் அந்த மீனவரின் வழக்கு தீர்ந்துவிடாது. அந்த இலையுதிர் காலத்திலேயே லாப்ஸ்டர் தகராறு முற்றி, மிக்மாக் பிடிப்பை வைத்திருந்த ஒரு கிடங்கு எரிந்து சாம்பலானது. யாருக்கு லாபம், யார் பெயரில் என்ற கேள்வியை வகுப்பில் வைத்து அலச வேண்டியதும் இதனால்தான்.

அடுத்தது கொஞ்சம் அசிங்கமான வாதம்: அவர்களுக்கு வியாபாரம் ரத்தத்தில் இல்லை, அதிலும் கடல் கடந்த வியாபாரம் அறவே புதிது என்பது. வட ஆஸ்திரேலியாவின் யோல்ங்கு மக்கள் குறைந்தது 18-ஆம் நூற்றாண்டிலிருந்து சுலவேசித் தீவின் மக்காசர் வணிகர்களோடு கடலட்டை வியாபாரத்தில் இருந்தவர்கள். நம் மன்னார் வளைகுடாக்காரர்களுக்குத் தெரிந்த அதே கடலட்டைதான். சரக்கு போய்ச் சேர்ந்த இடமும் அதே சீனாதான். பருவக்காற்றோடு வந்து போன அந்தப் படகுகளை நிறுத்தியது தெற்கு ஆஸ்திரேலிய அரசு, 1906-ல் உரிமம் தர மறுத்து. வைகாட்டோ மாவோரிகள் 1840, 50-களில் கோதுமை விளைவித்து, சொந்த ஆலையில் அரைத்து, ஆக்லாந்துக்கு மாவு விற்றார்கள். 1863-ல் படை நுழைந்தது. பிறகு சுமார் 12 லட்சம் ஏக்கர் பறிக்கப்பட்டது. அதற்கான இழப்பீட்டு உடன்பாடு வர 1995 ஆனது.

கனடாவின் புல்வெளி மாகாணங்களில் நடந்தது இன்னும் துல்லியமான கொடுமை. பூர்வகுடி விவசாயி தன் தானியத்தை விற்க அரசு அதிகாரியிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்று 1880-களில் விதி வந்தது. வியாபாரம் தெரியாதவனுக்கு யாராவது விற்கத் தடை போடுவார்களா? அந்தப் பிரிவு சட்டப் புத்தகத்திலிருந்து முறைப்படி நீங்கியது 2014-ல். கையைக் கட்டிப்போட்டுவிட்டு நீந்தத் தெரியாதவன் என்று சொல்கிற கதை.

சரி, படிக்கட்டும், ஆனால் எல்லோரையும் போல அதே எம்.பி.ஏ.வைப் படிக்கட்டுமே, தனிப் பெயரில் வந்தால் தரம் குறையாதா என்று கேட்பவர்கள் உண்டு. 1876-ஆம் ஆண்டின் இந்தியர் சட்டப்படி, பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற பூர்வகுடி ஒருவர் அந்தக் கணமே தம் சட்டபூர்வ இன அடையாளத்தை இழந்தார். பட்டம் வேண்டுமா, சொந்த ஜனம் வேண்டுமா என்று சட்டமே கேட்டது. நாலே ஆண்டில் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தினார்கள். ஆனால் படித்தவன் வெளியேறியவன் என்ற மனப்பான்மை ஒரு திருத்தத்தோடு போய்விடக் கூடியதல்ல. தன் ஊரின் ஆளாக இருந்துகொண்டே படிக்க ஓர் இடம் வேண்டும் என்று கேட்பது இந்த வரலாற்றுக்குப் பின்னால் வருகிற கோரிக்கை.

தரம் பற்றி வேறொன்றும் சொல்ல வேண்டும். ஹார்வர்டில் ஸ்டீபன் கார்னெலும் ஜோசப் கால்ட்டும் 1980-களின் பிற்பகுதியில் தொடங்கிய ஆய்வுத் திட்டம் அமெரிக்கப் பூர்வகுடிகளின் தொழில்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தது. இயற்கை வளம் இருந்தால் மட்டும் போதாது என்றது. முடிவெடுக்கும் அதிகாரம் தங்கள் கையில் இருப்பதும், அந்த மக்களின் பண்பாட்டுக்குப் பொருந்திய ஆட்சி அமைப்பும்தான் தீர்மானிப்பவை என்றது. ஊர்ச் சபை அன்றாடம் மூக்கை நுழைக்காத தொழில்களே லாபம் பார்க்கும் வாய்ப்பு அதிகம் என்றும் கண்டது. ‘தலைமை’ என்ற பாடத்தின் உள்ளடக்கம் இதுதான்: சபை எங்கே நிற்க வேண்டும், இயக்குநர் குழு எங்கே தொடங்க வேண்டும் என்பது. மேடையில் கைதட்டு வாங்கப் பயிற்சி தருகிற ‘லீடர்ஷிப்’ வகுப்புகளை விட இது எவ்வளவோ கடினம். ஏற்கெனவே இருக்கும் எம்.பி.ஏ.வில் ஒரு வாழ்த்துரையையும் இரண்டு விருந்தினர் சொற்பொழிவுகளையும் தூவிப் பெயர் மாற்றி விற்கிற இடமும் இருக்கக்கூடும். அதற்கு அந்த இடத்தைத்தான் திட்ட வேண்டும்.

பூர்வகுடி அல்லாதவருக்கு இதனால் என்ன பயன் என்ற கேள்விக்கு ஜூகன் பள்ளத்தாக்கு போதும். 2020 மே 24 அன்று மேற்கு ஆஸ்திரேலியாவில் ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத் தாதுக்காக 46,000 ஆண்டுப் பழமையான குகைத் தலத்தை வெடி வைத்துத் தகர்த்தது. மாநிலச் சட்டப்படி அனுமதி கையில் இருந்தது. நிலத்தின் பாரம்பரிய உரிமையாளர்களின் எதிர்ப்பும் காதில் விழுந்திருந்தது. நாலு மாதத்துக்குள் தலைமை நிர்வாகி ழான் செபாஸ்தியன் ழாக்கும் மூத்த அதிகாரிகள் இருவரும் பதவி விலகுவதாக அறிவிக்க நேர்ந்தது. அவர்களுக்கு நிதிக் கணக்கு தெரியாமலா இருந்தது? நம் ஊருக்கு அருகிலும் பாடம் உண்டு. ஒடிசாவின் நியமகிரியில் வேதாந்தாவின் பாக்சைட் சுரங்கத்தை 2013-ல் 12 கிராம சபைகள் ஒன்றுவிடாமல் நிராகரித்தன. அதற்கு முன்பே நார்வேயின் ஓய்வூதிய நிதி அந்த நிறுவனத்தின் பங்குகளை ஒதுக்கிவிட்டிருந்தது. ஒடிசா மலையில் நடப்பது ஓஸ்லோவில் பங்கு முடிவாக மாறுகிறது. இதைவிடச் சர்வதேச வணிகம் என்ன இருக்கிறது? கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015-ல் வைத்த 92-ஆம் பரிந்துரை, நிர்வாகிகளுக்கும் ஊழியர்களுக்கும் பூர்வகுடிகளின் வரலாறும் உரிமையும் கற்றுத்தர வேண்டும் என்று பெருநிறுவனங்களையே நேரடியாகக் கேட்கிறது.

கடைசி எதிர்ப்பு உள்ளிருந்தே வருவது: தலைமை என்பது பெரியவர்களிடமும் நிலத்திடமும் கற்பது, வகுப்பறையில் வராது. இதில் எனக்குப் பாதி உடன்பாடு. ஆனால் மெம்பர்ட்டூவைப் பாருங்கள். 1984 முதல் அங்கே தலைவராக இருக்கும் டெரி பால், ஊர் கடனில் தவித்த காலத்தில், வெளியே போய்ப் படித்திருந்த தம் ஆட்களைத் திரும்ப அழைத்தார். ஊர் நம்பிய தலைவரும் வந்து சேர்ந்த படிப்பும் சேர்ந்துதான் கணக்கு நேரானது. உலகத் தரச் சான்றான ஐ.எஸ்.ஓ. 9001-ஐப் பூர்வகுடி அரசுகளில் முதலில் பெற்றதும் அந்த ஊர்தான்.

இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். பெயரைப் பார்த்து ஒதுக்கவும் வேண்டாம், பெயரைப் பார்த்துச் சேரவும் வேண்டாம். பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். நிலச் சட்டமும் ஊர்ச் சபையின் நிதியும் பாடமாக இருக்கின்றனவா, அந்தச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் எத்தனை பேர் பாடம் நடத்துகிறார்கள் என்று எழுதிக் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் கட்டணத்தை மிச்சம் பிடியுங்கள்.