கட்டிலை விட்டு இறங்குங்கள்

இதயத் தமனியில் ஸ்டென்ட் பொருத்திக்கொண்டு வீடு திரும்புபவருக்கு நம் பகுதியில் கிடைக்கும் முதல் உபசாரம் கட்டில். மனைவி தண்ணீரையும் கைக்கே கொண்டுவந்து தருவார். மகன் தெருமுனைக் கடைக்குக்கூட அனுப்பமாட்டார். எல்லாம் அன்பின் மிகுதிதான். ஆயினும் மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வருகையில் பலருக்கு இதயத்தைவிடக் கால்களே தளர்ந்திருக்கின்றன. கடல்தொழில் செய்தவர் வலையை விற்றுவிட்டதாகச் சொல்லும்போது, அடைப்பை நீக்கியதன் பயன் இவ்வளவுதானா என்று மனம் வருந்துகிறது.

இவ்வச்சத்தை விதைத்தது மருத்துவ உலகமே. 1950கள் வரை மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் படுக்கவைப்பதே வழக்கம். 1952இல் பாஸ்டன் மருத்துவர்கள் சாமுவேல் லெவின், பெர்னார்டு லௌன் இருவரும் நோயாளியை நாற்காலியில் உட்காரவைக்கலாம் என்று எழுதியதே அன்று துணிச்சலாகக் கருதப்பட்டது. மருத்துவம் அதன்பின் வெகுதூரம் வந்துவிட்டது. நம் வீடுகள் இன்னும் வரவில்லை.

2021இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு 85 ஆய்வுகளில் இடம்பெற்ற 23,430 பேரின் விவரங்களைத் திரட்டியது. உடற்பயிற்சி பெற்றவர்களிடையே இதயநோய் இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பிலிருந்து மீண்ட 3,959 பேரிடம் யோகப் பயிற்சியைச் சோதித்த 'யோகா-கேர்' ஆய்வின் முடிவு 2020இல் வெளியாயிற்று. இறப்பையும் மறு மாரடைப்பையும் அப்பயிற்சி குறைத்தது என்று அந்த ஆய்வால் உறுதியாக நிறுவ இயலவில்லை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பயிற்சி பெற்றோர் தம் உடல்நலம் மேம்பட்டதாக உணர்ந்தனர். பழைய வேலைகளுக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகத் திரும்பினர். வலையும் உப்பளமும் சோறுபோடும் கரையில் இது சிறிய பயன் அன்று.

நடையையும் மாத்திரையைப் போல அளவிட்டே தரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 'கொஞ்சம் நடங்கள்' என்பது மருந்துச்சீட்டு ஆகாது. ஆறு நிமிடத்தில் ஒருவர் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்க 30 மீட்டர் தாழ்வாரமும் ஒரு கடிகாரமும் போதும். அதைக்கொண்டு தொடக்க அளவை வகுக்கலாம். ஐந்து, பத்து நிமிட நடையில் தொடங்கி, சில வாரங்களில் அரைமணி நேரத்தை எட்டுவது பெரும்பாலோருக்கு இயலும். பேசிக்கொண்டே நடக்க முடியவேண்டும். பேச்சு திணறினால் வேகம் மிகுதி. இதயத்துடிப்பைக் குறைக்கும் மாத்திரை உட்கொள்வோர் நாடியை எண்ணி ஏமாற வேண்டாம். அவர்களுக்கு இந்தப் பேச்சுச் சோதனையே நம்பகமானது.

நம் ஊருக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு. கடற்கரை மணலில் நடக்க, தார்ச்சாலையில் நடப்பதைப்போல் இருமடங்குக்கும் மேலான உழைப்பு தேவை. முதல் வாரங்களில் மணலைத் தவிர்க்கவும். வெயில் ஏறுமுன் நடையை முடிக்கவும். சர்க்கரை நோயாளிகள் செருப்பின்றி நடத்தல் ஆகாது. சட்டைப்பையில் இனிப்பு இருக்கட்டும். இராமேசுவரம் கோயிலின் வெளிப்பிரகாரம்போல் நிழலும் சமதளமும் வாய்த்த இடம் எல்லோருக்கும் கிட்டாது. வீட்டு முற்றத்தில் போய்வந்தாலும் நடைதான். பைபாஸ் செய்துகொண்டவர்கள் நெஞ்செலும்பு கூடும்வரை, ஏறத்தாழ மூன்று மாதம், நங்கூரம் இழுப்பதோ தண்ணீர்க் குடம் தூக்குவதோ கூடாது. நெஞ்சுவலி, தலைச்சுற்றல், படபடப்பு தோன்றினால் உடனே உட்காருங்கள்; வலி ஐந்து நிமிடத்தில் அடங்காவிட்டால் 108ஐ அழையுங்கள்.

வாரம் மும்முறை மதுரைக்குப் பயிற்சிக்குச் சென்றுவரப் பாம்பன் மீனவரால் முடியுமா? பேருந்துச் செலவும் இழந்த கூலியும் அவரை இரண்டாம் வாரமே நிறுத்திவிடும். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. ஸ்டென்ட் வைத்தவர்களின் பயிற்சியையும் அந்தப் பணியாளர்களிடம் முறையாக ஒப்படைக்க வேண்டும். அதற்கான குறிப்பை மருத்துவமனைகள் எழுதித்தர வேண்டும். குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள்: டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே எத்தனை நிமிடம் நடப்பது, எப்போது வேலைக்குத் திரும்புவது என்ற இரண்டு வரிகள் இல்லையென்றால், கேட்டு எழுதி வாங்காமல் வார்டை விட்டுப் புறப்படாதீர்கள்.