மருந்தா, மறியலா?

அண்மையில் எமது ஊர்ச் சனசமூக நிலையத்திலே போதைப்பொருள் ஒழிப்புக் கூட்டம் ஒன்று நடைபெற்றது. மங்கல விளக்கேற்றினார்கள், மௌன அஞ்சலி செலுத்தினார்கள், ஐவர் பேசினார்கள். பண்பாட்டின் சீரழிவைப் பற்றி ஒருவர், கைத்தொலைபேசியின் தீமையைப் பற்றி இன்னொருவர், பிரம்பைக் கைவிட்ட ஆசிரியர்களைப் பற்றி மற்றொருவர். பேச்செல்லாம் முடிந்தபின் கடைசி வாங்கிலிருந்து ஒரு தாய் எழுந்தார். “சேர்மார் எல்லாரும் பிள்ளையைப் பிடிச்சுக் குடுக்கச் சொல்லுறியள். நான் பிடிச்சுக் குடுத்தனான். ஒரு வருசம் அங்கை இருந்திட்டு வந்தவன். வந்து மூண்டாம் நாள் திரும்பவும் தொடங்கிவிட்டான். இனி நான் என்ன செய்யிறது?”

மேடையில் எவரும் வாய் திறக்கவில்லை. தலைவர் நன்றியுரைக்கு ஆளை அழைத்தார்.

நாமும் அக்கூட்டத்தில் இருந்தோம்; நாமும் வாய் திறக்கவில்லை. அந்தப் பையன் பத்தாம் வகுப்பில் எம்மிடம் தமிழ் படித்தவன். வரவுப் பதிவேட்டில் அவன் பெயருக்குக் குறுக்கே சிவப்புக் கோடு விழுந்தபோது அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்களில் நாமும் அடக்கம். ஆகவே இங்கே பிறரைக் கூண்டிலேற்றுமுன் எம்மையும் அதில் நிறுத்திக்கொள்கிறோம்.

அத்தாயின் வினாவுக்கு விடை இல்லாமலில்லை. அது 1965ஆம் ஆண்டிலேயே அச்சேறிவிட்டது. நியூயோர்க் நகரில் வின்சென்ற் டோல், மேரி நைஸ்வாண்டர் என்னும் இரு வைத்தியர்கள் ஹெரோயினுக்கு அடிமைப்பட்ட 22 பேருக்கு மெதடோன் என்னும் மருந்தை நாள்தோறும் கொடுத்து, அவர்கள் வேலைக்கும் படிப்புக்கும் திரும்பியதை எழுதி வெளியிட்டார்கள். அம்மருந்து செய்யும் வேலையில் மாயம் ஒன்றுமில்லை. நோவைத் தணிக்க உடம்பு தானே சுரக்கும் பொருள்கள் மூளையில் எந்த இடத்தைப் பற்றுகின்றனவோ, அதே இடத்தைத்தான் ஹெரோயினும் பற்றுகிறது. நாளடைவில் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. பின்னர் அது இல்லையேல் சில மணித்தியாலங்களுள் வாந்தி, வயிற்றோட்டம், எலும்புக் குத்து, நித்திரையின்மை. இந்நிலையில் உள்ளவனிடம் மனவுறுதியைப் பற்றிப் பிரசங்கம் செய்வது நெருப்புக் காய்ச்சல்காரனிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவது போலத்தான்.

ஹெரோயின் சில மணித்தியாலங்களில் இறங்கிவிடும். அதனால் அவன் நாளில் மூன்று நான்கு முறை அதனைத் தேடி ஓடுகிறான். மெதடோனோ வாயால் ஒருமுறை குடித்தால் ஒரு நாள் முழுவதும் நிற்கிறது. அளவறிந்து கொடுத்தால் மயக்கமும் இல்லை, முறிவும் இல்லை. புப்ரினோர்பின் என்னும் மற்றொரு மருந்து நாவின் கீழ் வைத்துக் கரைப்பது. குறித்த அளவுக்கு மேல் அதன் விளைவு கூடுவதில்லை. ஆதலால் மூச்சடங்கும் ஆபத்து அதில் குறைவு. இவ்விரு மருந்துகளையும் உலக சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டு அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. இவற்றைத் தொடர்ந்து பெறுவோரிடையே இறப்பு, பெறாதோருடன் ஒப்பிடுகையில் பாதியாகவும் அதனினும் கீழாகவும் குறைவதைப் பல நாடுகளின் ஆய்வுகள் காட்டியுள்ளன.

“ஒரு போதையை எடுத்துவிட்டு இன்னொரு போதையைக் கொடுப்பதா?” என்று எமது ஒழுக்கவாதிகள் உடனே சீறுவார்கள். சீறுபவரின் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலே இன்சுலின் இருக்கும். அதனை அவர் வாழ்நாள் முழுவதும் ஏற்றிக்கொள்வார். அதை அடிமைத்தனம் என்று எவரும் சொல்வதில்லை. அது கிடக்க, இந்த ஒழுக்கத்தின் வரலாற்றையும் சற்றுப் பார்க்க வேண்டும். திருவிதாங்கூருக்குப் புகையிலை ஏற்றிப் பணம் சேர்த்த குடாநாடு இது. அப்பணத்திற் கோயிலும் கட்டினோம், கல்விக்கூடமும் கட்டினோம். அன்று புகையிலைத் தோட்டக்காரர் கனவான். கள்ளிறக்கிய தொழிலாளி மட்டும் தீண்டத்தகாதவர். எந்தப் போதை இழிவு என்பதை இங்கு சாதியும் பணமும் தீர்மானித்த அளவுக்கு அறம் தீர்மானித்ததில்லை.

இன்றும் அப்படித்தான். வெளிநாட்டுப் பணம் வரும் வீட்டுப் பிள்ளை பிடிபட்டால் கொழும்பில் தனியார் வைத்தியர், பிறகு விமானச் சீட்டு. கடற்றொழிலாளியின் மகனுக்கும் கூலிக்காரியின் மகனுக்கும் மறியல். நஞ்சுகள், அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச்சட்டம் 1929இல் வந்தது. 1984இல் அதற்குத் தூக்குத் தண்டனையைச் சேர்த்தார்கள். 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் கட்டாயச் சிகிச்சைக்கு வழி செய்தது. 2023இல் புனர்வாழ்வுப் பணியகச் சட்டம் வந்தது. புனர்வாழ்வு! 2009க்குப் பின் இச்சொல் எமது மண்ணில் எதனைக் குறித்தது என்பதை மறந்தவர் யார்? முன்னாட் போராளிகளை வைத்திருந்த கந்தக்காட்டு முகாமுக்கே பின்னர் போதைக்கு அடிமைப்பட்டவர்களையும் அனுப்பினார்கள். 2022 யூன் மாத இறுதியில் அங்கே ஒருவர் உயிரிழந்தார், கலகம் மூண்டது, நூற்றுக்கணக்கானோர் வேலி தாண்டி ஓடினார்கள். மருந்து கிடைக்கும் இடத்திலிருந்து நோயாளிகள் வேலி தாண்டி ஓடுவார்களா? 2023 டிசம்பரில் ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கியது. சில வாரங்களுள் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கைது செய்தார்கள். அதனை நிறுத்தி மீளாய்வு செய்யுமாறு ஐக்கிய நாடுகளின் மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியிற் கேட்டார்கள்.

அடைத்து வைப்பதன் கொடுமை அதோடு முடியவில்லை. பல மாதம் பாவிக்காதிருந்த உடம்பு ஹெரோயினைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. ஆசையை மட்டும் இழப்பதில்லை. வெளியே வந்தவன் பழைய அளவையே எடுக்கிறான், மூச்சு நின்றுவிடுகிறது. விடுதலையான முதற் சில வாரங்களே இறப்பு மிகுந்த காலம் என்பது வைத்திய உலகம் நன்கறிந்த செய்தி. ஊசி வழி ஏற்றுவோருக்கு இதய வால்விலும் குருதியிலும் கிருமித் தொற்று வேறு. திருந்தி வருவான் என்று வாசலில் நிற்கும் தாய்க்கு இதனை எவரும் சொல்வதில்லை.

மலேசியாவைப் பாருங்கள். மலாயாப் பென்சனிற் கல்வீடு கட்டிய எமக்கு அது அந்நிய தேசமன்று. அங்கும் கட்டாயத் தடுப்பு நிலையங்கள் இருந்தன. 2005இல் மெதடோனைத் தொடங்கினார்கள். 2010 முதல் அந்நிலையங்கள் சிலவற்றைத் தாமாக விரும்பி வந்து சிகிச்சை பெறும் இடங்களாக மாற்றினார்கள். இருவகை இடங்களிலிருந்தும் வெளிவந்தவர்களை ஆய்வாளர் பின்தொடர்ந்து 2017இல் முடிவை வெளியிட்டனர்: கட்டாய நிலையத்திலிருந்து வந்தவர்களிற் பாதிப்பேர் 31 நாட்களுள் மீண்டும் பாவித்தார்கள், மெதடோனுடன் விருப்பச் சிகிச்சை பெற்றவர்களில் அந்நிலைக்கு 352 நாட்கள் சென்றன. கோலாலம்பூரில் ஒரு பள்ளிவாசலிலேகூட மெதடோன் கொடுத்தார்கள். எமது கோயில் தர்மகர்த்தாக்கள் இதைப் படிக்கவேண்டும்.

எமது தோழர்கள் சிலருக்கும் ஒரு சொல். “சீனம் அபினை ஒழித்ததே, மருந்து கொடுத்தா ஒழித்தது?” என்று கேட்கிறார்கள். பீரங்கி கொண்டு அபினைத் திணித்த ஏகாதிபத்தியத்தின் கொடுமையை 1949க்குப் பின் சீன மக்கள் துடைத்தெறிந்தது பெரும் சாதனைதான். ஆயினும் ஹெரோயின் மீண்டும் வந்தபோது அதே சீனம் 2004இல் எட்டு நிலையங்களில் மெதடோனைத் தொடங்கி, பின்னர் எழுநூறுக்கு மேற்பட்ட நிலையங்களாகப் பெருக்கியது. வரலாற்றைப் பாதியில் மூடிவைப்பது எமக்கு அழகல்ல.

“தமிழினத்தை அழிக்கத் திட்டமிட்டுப் பரப்புகிறார்கள்” என்போரும் உளர். கடலெங்கும் காவல் நிற்கும் நாட்டில் இவ்வளவு தூளும் எப்படிக் கரை சேர்கிறது என்று கேட்பது நியாயமே. அதைக் கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் கொண்டுவந்தவன் யாரென்று கண்டறியும் வரையில் ஆஸ்பத்திரி வாட்டில் நடுங்கிக்கொண்டு கிடப்பவனுக்கு எதைக் கொடுப்பது?

மருந்தினால் எல்லாம் தீரும் என்று நாம் சொல்லவில்லை. ‘ஐஸ்’ எனப்படும் நஞ்சுக்கு இவ்வாறான மாற்று மருந்து கிடையாது. பள்ளி மதிலோரம் விற்கும் மாவாவுக்கும் வேறு வழி தேடவேண்டும். மெதடோனே அளவு மீறினால் உயிரைக் கொல்லும். அதனாற்றான் தொடக்கத்தில் வைத்தியசாலையிலேயே கண்முன்னே குடிக்க வைக்கிறார்கள். வேலை இல்லாத ஊரில் மருந்து மட்டும் வாழ்க்கையைத் தந்துவிடாது என்பதையும் அறிவோம். ஆனால் இறந்தவனுக்கு வேலை கொடுக்க முடியாது.

நாம் கேட்பது அதிகமல்ல. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும், தெல்லிப்பழை, பருத்தித்துறை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகளிலும் இவ்விரு மருந்துகளும் இலவசமாக, பொலிஸாருக்குப் பெயர் போகாமல், தமிழில் பேசும் தாதியரின் கையால் கிடைக்கவேண்டும். கேட்டு வருபவனைக் கைது செய்யலாகாது. பாடசாலைப் பதிவேட்டிலிருந்து பெயர் வெட்டப்பட்டவன் சிகிச்சை பெற்றுக்கொண்டே திரும்பி வந்து பரீட்சை எழுத இடமளிக்கவேண்டும்.

இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதி எமது ஆசிரியர் சங்கக் கிளையின் அடுத்த கூட்டத்தில் முன்வைக்க இருக்கிறோம். முன்மொழிய நாம் இருக்கிறோம். வழிமொழிய ஒருவர் வேண்டும். அன்று கடைசி வாங்கிலிருந்து எழுந்த அத்தாயையும் அழைத்திருக்கிறோம்.